நாலு மணி முத்திரை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொழிலாளர் தீர்ப்பாயத்தின் இரண்டாம் எண் அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். மேடையில் நடுவர். அவருக்குக் கீழே, விசைப்பலகையில் விரல் வைத்தபடி, சுருக்கெழுத்தர். வலப்பக்க மேசையில் சலவை ஆலையின் வக்கீல். அவரை ஒட்டி ஆலையின் மேலாளர். இடப்பக்க மேசையில் அரசு வழக்கறிஞர் அம்மா. அவருக்கு அடுத்து, நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்திருந்த ஒரு பெண். ஏழாவது ஆள் பின்சுவர் ஓரத்து பெஞ்சில், மடியில் தடித்த பதிவேடு ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தப் பதிவேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியுமா என்று பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அவர் தொழிலாளர் துறையின் தபால் பிரிவு எழுத்தர். பதினேழு வருடமாக வருகிற கடிதங்களுக்கெல்லாம் தேதி முத்திரை குத்துகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவரை ‘முத்திரை’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

வழக்கு இதுதான். அந்தப் பெண் ஆலையில் பதினொரு வருடமாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் விட்டு இஸ்திரி போடுகிறவள். உருளைக்கு முன்னால் கை போகாமல் தடுக்க ஒரு காப்புத் தகடு உண்டு. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று அதைத் தூக்கிக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். “கம்பியை அவுத்தாத்தான் வேலை செய்வேன்” என்றாள். மூன்றாம் வாரம் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர் அறுபது நாளுக்குள் துறைக்கு எழுதிக் கொடுத்தால், துறையே அவர் சார்பாக வழக்கு நடத்தும். அதற்காகத்தான் அரசு வழக்கறிஞர்.

ஆலை வக்கீல் எழுந்தார். “கம்பி, தகடு எல்லாம் அப்புறம் பேசலாம். நான் ஒரே ஒரு காகிதத்தைத்தான் காட்டப் போறேன். புகார்க் கடிதத்துல விழுந்திருக்கிற முத்திரை அறுபத்தொண்ணாவது நாள். தேதி தாண்டிடுச்சு. வழக்கே நிக்காது.”

முத்திரையைக் கூப்பிட்டார்கள்.

“இது உங்க ஆபீஸ் முத்திரைதானே?”

“ஆமாங்க.”

“பதிவேட்டுல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“அவ்வளவுதான். போய் உட்காருங்க.”

சொன்ன இரண்டு பதிலும் உண்மை. ஆனாலும் பெஞ்சுக்குத் திரும்பும்போது அவர் இடப்பக்க மேசையைப் பார்க்காமலே நடந்தார். ஏனென்றால் அந்தக் கடிதம் வந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அறுபதாவது நாள், மாலை நாலு மணி தாண்டிப் பத்து நிமிடம். அந்தப் பெண் பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “ரெண்டு மாசம் பொறு, நாங்களே கூப்பிடறோம்னு மேலாளர் சொன்னாரு, நம்பிட்டேண்ணே” என்றாள். அவர் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். “இன்னைக்குத் தேதி போட்டுடுவீங்களா?” என்று கேட்டாள். “உள்ள வந்துடுச்சுல்ல, கவலைப்படாதம்மா” என்றார். அதற்குப் பிறகு, பதினேழு வருடமாகச் செய்கிற மாதிரியே, கடிதத்தைக் கம்பிக் கூடையில் போட்டார். மறுநாள் காலையில் முத்திரை குத்தினார்.

இதையெல்லாம் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அரசு வழக்கறிஞர் பதிவேட்டை வாங்கி ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார், பிறகு இருபது பக்கம் பின்னால் போனார். ஆலை வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அவசரப்படவில்லை. கடைசியில் பதிவேட்டை மூடிவிட்டு, “எழுத்துமூலமா பதில் தாக்கல் பண்ண எனக்கு வியாழக்கிழமை வரைக்கும் வேணும்” என்றார்.

“வியாழன் சாயங்காலம் அஞ்சு மணி” என்றார் நடுவர். “அதுக்குள்ள பதில் வரலைன்னா வழக்கு தள்ளுபடி.”

வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெண் முத்திரையைத் தேடிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார்.

“அண்ணே, நல்லா இருக்கீங்களா? அன்னைக்குத் தண்ணி குடுத்தீங்க. சொல்லாமலே ஓடிட்டேன்.”

திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

*

அன்று மூன்று மணிக்கு அரசு வழக்கறிஞர் தபால் பிரிவுக்கே இறங்கி வந்துவிட்டார்.

தபால் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. தெருவைப் பார்த்த கம்பி ஜன்னல், இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, மை அட்டை, பசை டப்பா, சின்னச் சக்கரங்களைத் திருப்பித் தேதி மாற்றும் முத்திரைக் கட்டை. சட்டப் பிரிவிலிருந்து யாரும் அங்கே வந்ததாக வரலாறு கிடையாது. இந்த அம்மா வந்ததில் முத்திரைக்கு ஆச்சரியமில்லை, பயம்தான் இருந்தது.

ஆலை முதலாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சல்லடை’. எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால். ஒரு வழக்கை எடுத்தால் முதலில் அந்த வேலையைத் தானே செய்து பார்த்துவிடுவார். கிடங்கு வழக்கென்றால் மூட்டையின் எடையைத் தூக்கிப் பார்ப்பார். பஸ் நடத்துனர் வழக்கில் ஒரு முழு நாள் நின்றுகொண்டே பயணம் செய்து, உட்கார எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தார். இந்தச் சலவை ஆலைக்கும் போய் அரை நாள் விரிப்பை உருளைக்குள் விட்டிருக்கிறார்; நீராவிக் குழாய் பட்டு மணிக்கட்டில் வந்த காயம் இன்னும் ஆறவில்லை. ‘ஒரு விரிப்புக்குப் பதினைந்து நொடி தருகிறோம்’ என்று மேலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா கடிகாரம் வைத்துப் பார்த்து ஒன்பது என்று எழுதினார். அந்த ஒன்பதை இதுவரை யாரும் மறுக்கவில்லை.

“கேள்வி கேட்க வரல. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, அலமாரி ஓரமாகக் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முத்திரை வேலையைப் பார்த்தார். கடிதத்தைப் பிரித்தார், குத்தினார், எழுதினார், அடுக்கினார். யாரோ பார்க்கிறார்கள் என்றால் மூக்கு கூட அரிக்கிறது. ‘இந்த அம்மாவுக்கு இன்னைக்கு ஒண்ணும் கிடைக்கக் கூடாது’ என்று மனதுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால்தானே வம்பு. திறக்கவில்லை.

மூன்றே முக்கால் ஆயிற்று. மூன்று ஐம்பத்தைந்து ஆயிற்று. சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டது. அவருடைய வலது கை தானாகவே முத்திரைக் கட்டையை எடுத்தது, கட்டைவிரல் சக்கரத்தைத் தள்ளியது, கட்டை நாளைய தேதிக்குப் போய் நின்றது. இடது கை மை அட்டையை மூடியது. கூடையை முன்னால் இழுத்து வைத்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலக் கட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“பதினோரு மாசப் பதிவேடு பார்த்தேன்” என்றார் அம்மா, சாவதானமாக. “நாலு மணிக்கு மேல ஒரு கடிதம் கூட வந்ததா இல்ல. நம்ம ஜனங்க எல்லாரும் நாலு மணிக்கே படுத்துடறாங்களா? ஆனா தினமும் காலைல ஒன்பது மணிக்கு, கையிலயே கொண்டுவந்து குடுத்ததா அஞ்சாறு கடிதம் இருக்கு. ஜனங்களுக்கு வாசக்கதவு திறக்கறதே ஒன்பதரைக்கு. எல்லாரும் சுவரேறிக் குதிச்சு வர்றாங்களோ?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறைக்க ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெண் ஓடி வந்தது, தண்ணீர் குடித்தது, கேட்டது, தான் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

“காலைல நானே சொல்லியிருக்கணும்மா. பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாசம் வருது. இப்பப் போய் மெமோ கிமோ வந்துதுன்னா…”

“அது இருக்கட்டும். நாலு மணின்னு யார் சொன்னது?”

“உத்தரவு இருக்கும்மா. நான் இந்தப் பிரிவுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒட்டியிருந்தது.” அலமாரிக் கதவைத் திறந்து உட்பக்கத்தைக் காட்டினார். பழுப்பேறிய ஒரு தாள், நாலு மூலையிலும் பசை. ‘மாலை நான்கு மணிக்கு மேல் வரும் தபால்களை மறுநாள் தேதியிட்டுப் பதியலாம். சட்டப் பிரிவின் ஆலோசனைப்படி.’ கீழே ஒரு கையெழுத்து.

அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டப் போய்ப் படித்தார். படித்த பிறகும் அங்கேயே நின்றார்.

“கையெழுத்து யாருதுன்னு தெரியுதா?”

“கோழி கிளறின மாதிரி இருக்கும்மா. யாரோ பழைய சட்ட அதிகாரி. இப்ப எங்க இருக்காரோ என்னவோ.”

“இங்கதான் இருக்காங்க. இவ்வளவு நேரம் உங்க ஸ்டூல்லதான் உட்கார்ந்திருந்தாங்க.”

கோழியைத் திரும்பக் கூப்பிட வழியில்லை.

“பத்தொன்பது வருஷம்” என்றார் அம்மா. “வேலைல சேர்ந்து நாலு மாசம். எல்லாம் தெரியும்னு நினைச்சிட்டிருந்த வயசு. அப்பல்லாம் சாயங்காலம் தபால் மூட்டை வரும். அவசரத்துல குத்தித் தேதி மாறிப் போகுதுன்னு புகார். மூட்டையை நினைச்சு எழுதினேன். ஜன்னல்ல ஒரு ஆளு மூச்சு வாங்க வந்து நிப்பாங்கன்னு தோணவே இல்ல.” தாளை விரலால் தடவிப் பார்த்தார். “இதைக் கிழிக்காதீங்க. வேணும்.”

*

புதன்கிழமை காலையில் தலைமை எழுத்தர் அம்மாவின் அறைக்கு வந்தபோது, பதிவேட்டோடு முத்திரையும் அங்கே இருந்தார். தலைமை எழுத்தருக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. அலுவலகத்தில் கடிதம்தான் மெதுவாகப் போகும்.

“மேடம், இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைச்சுக்கணும்? அந்தப் பொண்ணு அறுபதாவது நாள் வந்தது உண்மைதானே. பதிவேட்டுல ஒரு சின்னத் திருத்தம். தேதியை ஒண்ணு குறைச்சா முடிஞ்சுது. உண்மைக்காகத்தானே திருத்தறோம்.”

“அந்த மையில ஒரு கோடு மாறினாலும் எதிர் வக்கீல் பூதக்கண்ணாடியோட வருவாரு சார். அப்புறம் தகட்டைக் கம்பியால கட்டியிருந்தாங்கன்னு இந்தப் பொண்ணு சொன்னா யார் நம்புவாங்க? ஒண்ணை மாத்தினவங்க எல்லாத்தையும் மாத்தியிருப்பாங்கன்னுதான் சொல்லுவாங்க.”

“சரி, விடுங்க. அப்ப முத்திரை மறந்துட்டாருன்னு சொல்லிடுவோம். ஒரு ஆள் பண்ணின தப்பு, ஒரு மெமோ, அத்தோட போச்சு.” முத்திரையை அந்த அறையின் ஒரு நாற்காலி போல நினைத்துக்கொண்டு அவர் பேசினார். “உத்தரவு வெளிய வந்தா உங்க பேரு வரும். தலைமை வழக்கறிஞர் பதவிக்கு உங்க பேரு மேல போயிருக்கற நேரம். அதோட, நாலு மணின்னு தெரிஞ்சுதுன்னா பத்தொன்பது வருஷத்துக் கடிதமெல்லாம் எழுந்து வரும்.”

“வரட்டுமே. தேதி தாண்டிடுச்சுன்னு நாம எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம்னு நமக்கே தெரிய வேண்டாமா? காலைல ஒன்பது மணிக் கடிதத்தையெல்லாம் தனியா எழுதி எடுக்கச் சொல்லியிருக்கேன். அப்புறம், நீங்க மெமோன்னு சொன்ன மனுஷர் இங்கதான் உட்கார்ந்திருக்கார். நீங்க அவரைப் பார்த்தே பேசலாம்.”

தலைமை எழுத்தர் அப்போதுதான் முத்திரையைக் கண்டவர் போலத் தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

அம்மா கதவைச் சாத்தினார். “இப்ப நேராச் சொல்றேன். உத்தரவையும் பதிவேட்டையும் வெச்சு நான் எழுதலாம். ஆனா அந்தக் கடிதம் அன்னைக்கு நாலு பத்துக்கு உங்க கைக்கு வந்துதுன்னு சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்ல. நீங்க உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டா கேஸ் நிக்கும். போடலைன்னா ஆடும். மெமோ வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வந்தா பதில் எழுதித் தருவேன், அது மட்டும் முடியும். வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க.”

வீட்டில் அவருடைய மனைவி கால்சட்டை விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதையெல்லாம் வாயில் நூலைக் கடித்தபடி கேட்டாள்.

“தலைமை எழுத்தர் ஆனா என்ன ஆகும்?”

“தனி மேசை. மேல் மாடி. ஃபேன் நேரா தலைக்கு மேல.”

“இங்கயும் ஃபேன் தலைக்கு மேலதான் சுத்துது. அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுத்தீங்களே, எத்தனை மணி அப்போ?”

“நாலு பத்து.”

“தண்ணியை மறுநாள் காலைல தர்றேன்னு சொல்லலையே.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“சொல்றதைச் சொல்லிட்டேன்” என்றாள் அவள், ஊசியில் புது நூல் கோத்தபடி. “எப்படியும் இந்த வீட்டுல உங்க முத்திரை எதுலயும் செல்லாது. ஆபீஸ்லயாவது செல்லட்டும்.”

*

வியாழக்கிழமை காலை அவர் தன் உறுதிமொழியைத் தானே எழுதிக்கொண்டு வந்தார். முதல் பிரதியில் ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று இருந்தது. அதை அடித்தார். இரண்டாவதில் ‘அலுவலக நடைமுறை கருதி’ என்று இருந்தது. அதையும் அடித்தார். மூன்றாவதில், அந்தப் பெண் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் பேசியது பேசியபடி எழுதினார். அம்மா அதைப் படித்தார். எப்போதும் சிவப்புப் பேனாவோடு படிக்கிறவர், பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“இதுல நான் திருத்த ஒண்ணும் இல்ல” என்றார்.

முத்திரைக்குப் பதினேழு வருடத்தில் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். காது சூடாகிவிட்டது.

பிறகு அம்மா தான் எழுதியிருந்த பதில் கடிதத்தை அவரிடம் நீட்டினார். ஆறு பக்கம். ஒன்பது மணிக் கடிதங்களின் பட்டியல், வாசல் கதவு திறக்கும் நேரம், உத்தரவின் நகல் எல்லாம் எண் போட்டு இருந்தன. நாலாவது பத்தியில் வந்து அவர் நின்றார். ‘இந்த நடைமுறை புகார்தாரரின் தவறோ எழுத்தரின் தவறோ அல்ல. இதற்கான ஆலோசனையை எழுதிய சட்ட அதிகாரி, இக்கடிதத்தில் கையொப்பமிடும் நானே. அந்த ஆலோசனை தவறானது. நேரில் கொண்டுவந்து தரப்படும் கடிதம், அது தரப்பட்ட நாளிலேயே பெறப்பட்டதாகும்.’

இரண்டு தடவை படித்தார். இந்த அம்மா எத்தனையோ முதலாளிகளை அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து, ‘யார் செஞ்சதுன்னு பேரைச் சொல்லுங்க’ என்று கேட்டதை அவர் பார்த்திருக்கிறார். தன்னிடமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு அதே மாதிரி பதிலை எழுதுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

“அம்மா, இதைக் கொஞ்சம் பட்டும் படாமலும் எழுதலாமே. ‘அக்கால நடைமுறை’ன்னு போட்டா போதாதா?”

“அக்காலம்னு நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் வேலை பார்த்தாரா?” என்று கேட்டுவிட்டு அம்மா கையெழுத்துப் போட்டார். அதே கோழி. பத்தொன்பது வருடத்தில் அது கொஞ்சமும் மாறவில்லை.

உறுதிமொழி அதிகாரி சாப்பிடப் போய்விட்டு மூன்றே முக்காலுக்குத்தான் வந்தார். கண்ணாடியைத் தேடினார், பேனாவைத் தேடினார், முத்திரையை நிற்க வைத்து உறுதிமொழி சொல்ல வைத்தார். எல்லாம் முடிந்து முத்திரை படி இறங்கித் தன் அறைக்கு வந்தபோது மணி நாலு அடித்து ஏழு நிமிடம். தீர்ப்பாயத்துக்கு ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். இருந்தாலும் அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்து, தீர்ப்பாயத்தின் தபால் பிரிவுக்கு ஃபோன் போட்டார்.

“நாலு மணிக்கு மேல வந்தா இன்னைக்குத் தேதி போடுவீங்களா?”

“அஞ்சு வரைக்கும் போடுவோமே. ஏன் சார், உங்க ஆபீஸ்ல போட மாட்டீங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

“இனிமே போடுவோம்” என்றார்.

தபால் கொண்டுபோகிற அக்கா ஹெல்மெட்டோடு தயாராக நின்றாள். “சீக்கிரம் குடுங்க சார். உங்க கல்யாணப் பத்திரிகையா அது, இப்படித் தடவித் தடவிப் பார்க்கறீங்க?”

ஆறு பக்கக் கடிதம், ஒரு பக்க உறுதிமொழி, பழுப்புத் தாளின் நகல், பதிவேட்டின் பதினோரு மாத நகல். ஒவ்வொன்றாக எண்ணி உறையில் வைத்தார். முத்திரைக் கட்டையை எடுத்தபோது கட்டைவிரல் பழக்கத்தில் சக்கரத்தின் மேல் போய் நின்றது. விரலை எடுத்துக்கொண்டார். உறையின் மேல் இன்றைய தேதியைக் குத்தி, பக்கத்தில் பேனாவால் ‘மாலை 4.12’ என்று எழுதினார். உறையின் மடலில் பசை தடவி, ஓரம் முழுக்க உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். ஒட்டிய இடத்தின் மேல் துறையின் முத்திரையை ஒரு தடவை குத்தி, மை பரவாமல் ஊதினார். அனுப்புகைப் புத்தகத்தில் அக்காவிடம் கையெழுத்து வாங்கினார்.

“அக்கா, அங்க தேதி மட்டும் வாங்கிட்டு வந்துடாத. மணியும் போடச் சொல்லு. போடற வரைக்கும் நகராத.”

“சரி சார், சரி” என்று அக்கா உறையைப் பைக்குள் வைத்துப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டாள். முத்திரை கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் ஒரு தடவை இருமி, கிளம்பி, வாசலைத் தாண்டித் தெருவில் வலது பக்கம் திரும்பியது.